கதிர்வீச்சுக்கு முன்னால் வெந்நீர்த் தொட்டி

ஐயா,

மாம்பழ சீசன் வந்தால் மாட்டுத்தாவணி மண்டியில் ஒரு பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. மதுரைப் பக்கம் பழத்தின்மேல் கதிர் பாய்ச்சும் கதிர்வீச்சு நிலையம் ஒன்று அமைந்தால் நத்தம், அலங்காநல்லூர் காய் அழுகாமல் ஊர் போய்ச் சேரும் என்கிறார்கள். நிலையம் வரட்டும், நல்லதுதான். அழுகலுக்கு அதுவே மருந்து என்று நம்பிப் பணத்தைப் போட்டால் மட்டும் கை சுடும்.

2007 முதல் அமெரிக்காவுக்கு நம் மாம்பழம் போகத் தொடங்கியது நாசிக் அருகே உள்ள லாசல்காவ் நிலையம் வழியாக. அங்கே கொடுக்கும் குறைந்தபட்ச அளவு 400 கிரே. (ஒரு கிலோ பழம் ஒரு ஜூல் ஆற்றலை வாங்கினால் அது ஒரு கிரே.) இந்த அளவு பழ ஈக்கும் மாங்கொட்டை வண்டுக்கும் வைத்த கணக்கு. வண்டுகூட உடனே சாகாது, இனம் பெருக்க முடியாமல் போகும். பூஞ்சைக்கு 400 கிரே கொசுக்கடி. அதனால்தான் பூஞ்சைக்கென்று தோப்பு ஆய்வு அல்லது பூஞ்சைக்கொல்லி நேர்த்தி என அமெரிக்கா தனியாக நிபந்தனை வைத்தது.

கரும்புள்ளி நோயைக் கொண்டுவரும் கொலெட்டோட்ரைக்கம், காம்பழுகலைக் கொண்டுவரும் லேசியோடிப்ளோடியா ஆகிய இரண்டு பூஞ்சைகளையும் கதிரால் மட்டுமே அடக்க 1,500, 2,000 கிரே என்று ஏற்ற வேண்டியிருக்கும். மாங்காய் 1,000 கிரேயைத் தாண்டினாலே தோலில் பழுப்பு அடிக்கும், சதை குழையும், ஒரு பக்கம் பழுத்து மறுபக்கம் காயாகவே நிற்கும். 2012ஆம் ஆண்டு அணுசக்தி விதிகளில் பழங்களின் இருப்புக் காலத்தை நீட்ட 1,000 முதல் 2,500 கிரே வரை அனுமதி உண்டு. ஸ்ட்ராபெர்ரி 2,000 தாங்கும். விதி இடம் கொடுக்கிறது என்று மாங்காய் தாங்கிவிடாது.

இன்னொரு சிக்கல் பெட்டி அடுக்கில் இருக்கிறது. கதிர் வீசும் கோபால்ட்-60க்கு எதிரே நிற்கும் ஓரத்துப் பழம் வாங்கும் அளவும் நடுவில் இருக்கும் பழம் வாங்கும் அளவும் ஒன்றல்ல, ஏறத்தாழ இரண்டு பங்கு வித்தியாசம் சாதாரணம். நடுவில் 400 விழ வேண்டுமானால் ஓரத்தில் 800 விழும். நடுவில் 750 கேட்டால் ஓரத்துப் பழம் 1,500ஐத் தொட்டுக் கெட்டுப்போகும். அடுக்கை மெலிதாக்கி, இரு பக்கமும் கதிர் படும்படி பெட்டியைத் திருப்பி அனுப்பினால் இந்த இடைவெளி குறையும். பெட்டிமேல் ஒட்டும் நிறம் மாறும் ஸ்டிக்கரைக் காட்டி “எல்லாம் சரியாக விழுந்தது” என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். பெட்டி உள்ளே போய் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அளவைச் சொல்ல, விழுந்த கதிரை அளக்கும் டோசிமீட்டர் வேண்டும். கோபால்ட்டும் மாதம் ஒரு சதவீதம்போல வலு இழந்துகொண்டே வரும், அதற்கேற்பப் பெட்டி உள்ளே நிற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

பழத்தில் கதிர் தங்கிவிடுமோ என்ற பயம் தேவையில்லை, தங்காது. ஆனால் அழுகலைப் பொறுத்தவரை அதுவே குறை: வெளியே வந்த பழம் அழுக்குக் கூடையில் விழுந்தால் தடுக்க அதன்மேல் ஒன்றும் மிச்சமிருக்காது.

அழுகலின் விதை தோப்பில் விழுகிறது. பூவிலும் பிஞ்சிலும் பனியோ மழையோ படும்போது பூஞ்சை தொற்றி, தோலின் மெழுகுப் படலத்தடியில் அசையாமல் கிடக்கும். பறிக்கும்போது காய் பளிச்சென்று இருக்கும். பழுக்கப் பழுக்கத் தோலிலுள்ள காப்புப் பொருள் குறைந்ததும் புள்ளி எழும். காம்பழுகல் காம்புக்குள்ளேயே குடியிருந்து வருவது. கதிர் பழுப்பதைச் சில நாள் தள்ளிப்போடுகிறது; இருப்பு நாள் நீள நீளக் காம்பழுகல்தான் முன்னுக்கு வரும். மரத்தில் காய்ந்து தொங்கும் குச்சியையும் பழைய பூங்கொத்தையும் வெட்டி எரிக்காத தோப்புக்கு எந்த நிலையமும் உதவாது.

பலன் தருவது சூடும் கதிரும் சேர்ந்த முறை. சூடு முதலில், கதிர் பின்னால். முற்றின காயை ஓரிரு சென்டிமீட்டர் காம்போடு பறித்து, நிழலில் காம்பைக் கிள்ளிக் கவிழ்த்துப் பால் வடிய விட வேண்டும். பால் பட்ட தோல் கருகும், அந்த இடம் பூஞ்சைக்கு வாசல். 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 200 பங்கு) குளோரின் நீரில் கழுவுவது அடுத்தது. 4 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் 100 லிட்டருக்கு அரை லிட்டர். இலையும் மண்ணும் கலந்த நீரில் குளோரின் சீக்கிரமே செத்துப்போகும், எனவே நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறகு 52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம். பறித்த 24 மணி நேரத்துக்குள் இது நடக்க வேண்டும்.

இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். 500 லிட்டர் தொட்டியில் 100 கிலோ காயை இறக்கியதும் சூடு ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். 50க்குக் கீழே போனால் பூஞ்சை பிழைக்கும், 55ஐத் தாண்டினால் தோல் வேகும். தண்ணீரைச் சுழற்ற பம்ப் இல்லையென்றால் மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. முற்றாத காய் மிதக்கும், வேகவும் செய்யும். மழை பெய்த மறுநாள் பறித்த காயில் தோல் துளைகள் கறுக்கும். சுத்தமான நீரில் ஆறவைத்து, ஈரம் உலர்த்தி, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, கெட்டிக் காயாக இருக்கும்போதே ஓரத்துப் பழத்துக்கும் 750 கிரேயைத் தாண்டாதபடி கதிர் கொடுத்து, 12-13 டிகிரியில் வைக்கலாம். 10க்குக் கீழே குளிர் தாக்கும்.

ஆகவே தோட்டக்கலைத் துறைக்கு எங்கள் கோரிக்கை: நிலையத்துக்குத் திட்டம் போடும் முன்பே, நத்தத்திலும் அலங்காநல்லூரிலும் வாடகைக்குக் கிடைக்கும்படி, சூட்டைத் தானே நிலையாக வைக்கும் தெர்மோஸ்டாட்டும் பம்பும் பொருத்திய வெந்நீர்த் தொட்டிகளை அடுத்த பறிப்புக்குள் வையுங்கள். தெர்மாமீட்டர் இரண்டாக இருக்கட்டும், ஒன்று அடியில்.

இப்படிக்கு,
அறுவடைக்குப் பிந்தைய நேர்த்தியில் பணிபுரிவோர்,
மதுரை.