மற்றொன்று விரித்தல் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய ஆங்கில இலக்கியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் சொல்லவந்ததை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விடுகிறார்கள் என்று குறைப்படுகிறது. விலகிச் செல்வதைக் கலையாக்கிய முதல் ஆள் 18ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் என்கிறது. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் ஒன்றான 'மற்றொன்று விரித்த'லையும் துணைக்கு அழைக்கிறது. நன்னூலோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த அளவுகோலை 17ஆம் நூற்றாண்டு உரைநடையாளர் ராபர்ட் பர்ட்டன் மீதோ கவிஞர் மில்டன் மீதோ வைத்தால் தவறான விடைதான் கிடைக்கும். அவர்கள் காலத்தில் டைக்ரெஷன், அதாவது எடுத்த பொருளை விட்டு விலகிப் பேசும் 'விலகல்' என்பது பள்ளியிலேயே கற்றுத் தேர்ந்த ஓர் உத்தி.

அந்தப் பாடத்துக்கு மூலவர்களுள் ஒருவர் ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன். அவருடைய பேச்சுக்கலை நூலில் 4ஆம் புத்தகத்தின் 3ஆம் அதிகாரம் முழுக்க இதைப் பற்றியது. நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்லி முடித்தபின், சான்றுகளை அடுக்கும் முன், சற்று விலகிப் பேசிக் கைதட்டு வாங்குவது அன்று வழக்கம். எல்லா வழக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் செய்வதை அவர் கண்டிக்கிறார். விலகல் முன்பின் பேச்சோடு ஒட்ட வேண்டும். நடுவில் விலகியவர் விட்ட இடத்துக்குச் சீக்கிரம் திரும்ப வேண்டும். இவை அவர் வகுத்த விதிகள். ஜார்ஜ் பட்டன்ஹாம் எழுதியதாகக் கொள்ளப்படும் 1589ஆம் ஆண்டுக் கவிதையியல் நூல், இதன் கிரேக்கப் பெயரான 'பரெக்பாசிஸ்' என்பதை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராக்ளர்' ஆக்கியது: கூட்டத்தை விட்டுப் பிரிந்து திரிபவன். கவிஞர் பிலிப் சிட்னி, 1595இல் அச்சேறிய தம் கவிதைக் காப்புரையில், கவிதையை விட்டுப் பேச்சுக்கலைக்குத் தாவியதும், வேலி தாண்டிய கால்நடையைப் பட்டியில் அடைப்பதுபோல் என்னையும் அடைக்க வேண்டியதுதான் என்கிறார். அதே மூச்சில், சொல்லைப் பொறுத்தவரை இரண்டும் உறவுதானே என்று காரணமும் தருகிறார். வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்தான் இப்படிப் பேச முடியும்.

இனி பர்ட்டன். மனவாட்டத்தை ஆராயும் அவருடைய 'அனாட்டமி ஆஃப் மெலன்கலி' 1621இல் முதலில் வந்தது. அவர் இருக்கும்போதே 1624, 1628, 1632, 1638 என மேலும் நான்கு பதிப்புகள் கண்டது. ஒவ்வொன்றிலும் நூல் பருத்துக்கொண்டே போனது. இவ்வளவு வளர்ந்த நூலில் வழி தவறுவது எளிது என்று தோன்றும். ஆனால் அமைப்பைப் பாருங்கள். மூன்று பெரும் பகுதிகள், அவற்றுள் பிரிவுகள், உறுப்புகள், உட்பிரிவுகள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அடைப்புக்குறிகளால் கிளைகிளையாகப் பிரியும் ஓர் அட்டவணை. உடற்கூறு பற்றிய விலகல் அந்த அட்டவணையிலேயே 'விலகல்' என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. ஆவிகள் பற்றி, அறிஞர்களின் அவலம் பற்றி, ஆறுதல் பற்றி வரும் விலகல்களுக்கும் தலைப்பிலேயே அந்தப் பெயர் உண்டு. வரைபடத்தில் குறித்துவைத்துவிட்டுப் போகிறவரை வழி தவறியவர் என்று சொல்வது நியாயமில்லை.

அவற்றுள் ஒன்றையாவது முழுதாகப் படிக்க வேண்டும்: இரண்டாம் பகுதியில் வரும் காற்று பற்றிய விலகல். மனவாட்டம் கொண்டவருக்கு எந்தக் காற்று நல்லது என்பதுதான் அங்கே சொல்லவேண்டிய செய்தி. பர்ட்டன் ஒரு வல்லூறோடு தொடங்குகிறார். முன்கையிலிருந்து சீழ்க்கையடித்து ஏவிய நீள்சிறகு வல்லூறு வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறி, இரை கிளம்பியதும் சட்டென்று கீழே பாய்வதுபோல, நானும் இந்த விரிந்த காற்றுவெளியில் கொஞ்சம் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கு இறங்குவேன் என்கிறார். போகும்போதே திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகுதான் பயணம்: காந்தஊசி ஏன் வடக்கிலிருந்து சற்று விலகி நிற்கிறது, பூமிக்குள் என்ன இருக்கிறது, குளிர்காலத்தில் பறவைகள் எங்கே போகின்றன, கோப்பர்நிக்கஸும் கெப்ளரும் கலிலியோவும் வானத்தை என்ன செய்துவிட்டார்கள். படைப்புக்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுவரை ஏறிவிட்டு, தலை சுற்றுகிறது, என் வேட்டைநாய் இரையைக் கிளப்பிவிட்டது, நான் இறங்க வேண்டும் என்கிறார். வல்லூறு ஏறிய அதே வேட்டையில் நாய் குரைக்கிறது. இடையில் எத்தனையோ பக்கங்கள் போனபின்னும் அந்த உவமையின் கயிறு அறவில்லை.

அதோடு முடியவில்லை. இறங்கியபின் அவர் தரும் மருத்துவத்தில், மனவாட்டம் உள்ளவருக்கு இடம் மாறுவதையும் காற்று மாறுவதையும் ஊர் சுற்றிப் பார்ப்பதையும்விட நல்ல மருந்து இல்லை என்று வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, வரைபடத்தில் அல்லாமல் எங்கும் பயணம் போனதில்லை என்று முன்னுரையில் சொன்ன மனிதர் அவர். நாற்காலியில் அமர்ந்து படிப்பவருக்கு எழுத்திலேயே ஊர் சுற்றிக்காட்டி, மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் பெயரைப் பின்னால் சொல்கிறார். அந்த விலகலை வேறு அதிகாரத்துக்கு மாற்றினால் இந்த வேலை நடக்காது. வேறோர் இடத்தில் இத்தகைய விலகல்களை, பசியற்ற வயிற்றுக்குத் தொடுகறி போன்றவை என்று இத்தாலிய அறிஞர் பெரோவால்டஸை மேற்கோள் காட்டி ஆதரிக்கிறார். ஆனாலும் காற்று பற்றிய விலகல் தொடுகறியைவிட மேலான ஒன்று என்பது என் கருத்து.

கவிதையில் இதே நுட்பம் இன்னும் சிக்கனமாக நடக்கிறது. மில்டனின் 'லிசிடஸ்' 193 வரிகள். 1637இல் கடலில் மூழ்கி இறந்த எட்வர்ட் கிங்குக்கான இரங்கற்பா. ஆயர் பாட்டின் நடுவே கவிதைத் தெய்வமான ஃபீபஸ் (அப்பல்லோ) வந்து புகழைப் பற்றிப் பேசுகிறார். பின்னர் புனித பேதுரு வந்து திருச்சபையின் கெட்ட மேய்ப்பர்களைச் சபிக்கிறார். இரண்டு முறையும் பாட்டு ஆயர் உலகுக்குத் திரும்பும் வரியில் ஒரு நீரை அழைக்கிறது: முதலில் அரெத்தூசா ஊற்று, அடுத்து ஆல்ஃபியஸ் ஆறு. தொன்மத்தில் ஆல்ஃபியஸ் கடலுக்கடியில் மறைந்து ஓடி, சிசிலியில் அரெத்தூசாவோடு கலக்கும் ஆறு. மறைந்து மீண்டும் மேலே வருவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 1645 தொகுப்பில் சேர்த்த தலைக்குறிப்பில், திருச்சபைக்காரர்களின் அழிவை 'சந்தர்ப்பம் வாய்த்ததால்' முன்னுரைப்பதாக மில்டனே எழுதுகிறார். மிகக் கூர்மையான அரசியலை இப்படி ஓரத்தில் வைப்பது பாதுகாப்பும்கூட. ஆனால் எல்லா முறையும் அது பலித்துவிடவில்லை: அவருடைய பிரிட்டன் வரலாற்றின் 3ஆம் புத்தகத்துக்கு எழுதிய, நெடும் பாராளுமன்றத்தை (1640இல் கூடிய ஆங்கிலப் பாராளுமன்றம்) தாக்கும் விலகல் 1670 பதிப்பில் இல்லை. 1681இல்தான் தனிச் சிற்றேடாக வெளிவந்தது.

ஜோனதன் ஸ்விஃப்டின் நையாண்டி நூல் 'டேல் ஆஃப் எ டப்' (1704) விலகலைக் கேலி செய்வது உண்மை. 7ஆம் பிரிவுக்குத் தலைப்பே விலகல்களைப் புகழும் விலகல். அதன் முடிவில், இதற்கு வேறு நல்ல இடம் தெரிந்தால் எடுத்துப்போய் எந்த மூலையிலும் வைத்துக்கொள்ளலாம் என்று வாசகருக்கு அதிகாரம் தருகிறார். கேலி தைப்பது இங்கேதான்: எங்கு வைத்தாலும் பொருந்தும் விலகல் எங்குமே பொருந்தாதது. விதி எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கேலி எடுபட்டது. ஸ்டெர்ன் 1759இல் தொடங்கிய 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' நாவலில் பர்ட்டனின் வரிகளே சொல்லாமல் கையாளப்பட்டிருப்பதை ஜான் ஃபெரியர் 1798இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். ஆகவே ஸ்டெர்ன் தொடக்கம் அல்ல, வாரிசு.

இவற்றைப் படிப்பவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். விலகும் வாக்கியம், திரும்பும் வாக்கியம், திரும்பியபின் முதலில் வரும் செய்தி ஆகிய மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிறகு நடுவில் உள்ளதைப் படியுங்கள். நடுப்பகுதியை மட்டும் படித்தால் பர்ட்டன் பிதற்றுவதாகத்தான் படும். சுருக்கப் பதிப்புகளில் பெரும்பாலும் நேர்வது இதுதான்: சுவையான துணுக்குகளை வைத்துக்கொண்டு கீல்களைக் கழற்றிவிடுகிறார்கள்.

அடுத்த இதழ்களில் பர்ட்டன் பகுதிகளின் தமிழாக்கம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். இடப்பற்றாக்குறையால் கோப்பர்நிக்கஸையோ காந்தஊசியையோ குறைக்க நேர்ந்தால் குறையுங்கள். வல்லூறு ஏறும் வாக்கியத்தையும் வேட்டைநாய் இரையைக் கிளப்பும் வாக்கியத்தையும் மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை