ஆப்பு ஒன்றில் நிற்கிற ரிவால்வர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கமே அனுப்பாதே.

இங்கே வர்ஜீனியாவில் குளிர் விட்டுவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதற்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. லேத்துக்காரன் உனக்குத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மாடல் துப்பாக்கிகளைச் சுடுகிற குழுவில் இருந்தவர். வின்செஸ்டர் பக்கம் ஃபோர்ட் ஷெனண்டோவாவில் மே மாதமும் அக்டோபரிலும் போட்டி நடக்கும், என்னையும் கூட்டிப் போவார். போன வருஷம் தவறிவிட்டார். அவர் சம்சாரம் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து, "இரும்பு தெரிந்தவர் நீங்கள், உங்களிடமே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே 1851 கோல்ட் நேவி ரிவால்வரின் நகல் ஒன்று. அசலை ஹார்ட்ஃபோர்டில் 1873 வரை இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இது இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியாவில் செய்தது. குழலில் 'பிஎன்' என்று முத்திரை இருக்கிறது. இத்தாலிய மொழியில் போல்வேரே நேரா, அதாவது கருமருந்து, பழைய கால வெடிமருந்து. குண்டு போடுகிற, சுழலும் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்சண்டைப் படம். 1843 மே 16 அன்று டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதியது. ஆனால் துரு ஏறிப் பாய்மரம்கூடத் தெரியவில்லை. கடைசிப் போட்டி முடிந்து வந்த அன்றைக்கே அவர் படுத்துவிட்டார். கழுவாமலே பெட்டிக்குள் போய்விட்டது.

கருமருந்தில் அதுதான் ஆபத்து. நூற்றுக்கு வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10. (1861-ல் டூ பான்ட் கம்பெனியின் லாமோட் டூ பான்ட் இங்கிலாந்துக்குப் போய் வடக்கு ராணுவத்துக்காக வெடியுப்பை மொத்தமாக வாங்கினார். அது நம் நாட்டிலிருந்து போன சரக்கு. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.) எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் புகையிலும் படிவிலும் திடப்பொருளாகவே நிற்கும். அந்தப் படிவிலிருக்கிற பொட்டாசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்கிற அதே வாசம், கூடவே அழுகிய முட்டை நாற்றம். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும்தான் இதற்கு மருந்து. கழுவிய சூடு ஆறுவதற்குள் துடைத்து, உலர்த்தி, கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசையைத் தடவிவிட வேண்டும். மெஷின் ஆயில் போட்டால் அடுத்த முறை சுடும்போது கரியோடு சேர்ந்து தாராக இறுகிவிடும்.

பிரிக்கிற விதம் உனக்குப் பிடிக்கும். முதலில் ஆறு அறையும் காலியா, அறைக்குப் பின்னால் இருக்கிற நிப்பிள் முனை மேல் தீப்பொறி கொடுக்கிற கேப் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேப்பை அடிக்கிற ரிவால்வர் சுத்தியைப் பாதிக்கு இழுத்து நிறுத்தினேன். குழலைப் பிடித்திருப்பது குறுக்கே போகிற ஒரே ஒரு ஆப்பு. சிலிண்டருக்கு மேலே குழலையும் உடம்பையும் சேர்க்கிற பாலம்கூடக் கிடையாது. பித்தளைக் கம்பியை வைத்து வலப்பக்கமிருந்து தட்டினேன். வரவில்லை. துரு இளக்குகிற எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்ட பிறகு 'டக்' என்று இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு குண்டு இடிக்கிற நெம்புகோலை இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கிற சுவரில் முட்டுக்கொடுத்து அழுத்தினால் குழல் தானாகவே கழன்று வருகிறது. தனி ஜாக்கி எதுவும் வேண்டாம். அந்தக் காலத்து ஆட்களின் மூளையைப் பார்.

உள்ளே போனால் இரட்டைக் கால் பட்டை ஸ்பிரிங் ஒன்று. ஒரு கால் விசையைத் தள்ளும், இன்னொன்று சிலிண்டரை நிறுத்துகிற பூட்டுத் துண்டைத் தூக்கிப் பிடிக்கும். அந்த இரண்டாவது கால் முறிந்து கிடந்தது. சிலிண்டர் எந்த இடத்திலும் நிற்காமல் உருண்டதற்குக் காரணம் அதுதான்.

கடையில் வாங்கலாம். எனக்கு மனசு வரவில்லை. பழைய கைரம்பத் தகட்டில் வெட்டினேன். சிவக்கக் காய்ச்சி வளைத்து, மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்பச் சூடு காட்டினேன். முதல் ஸ்பிரிங் ஊதா வரும்போதே எடுத்துவிட்டேன், மாட்டின உடனே முறிந்தது. அடுத்தது நீலம் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போய், கால் தொங்கிவிட்டது. மூன்றாவது நாள் பீளமேட்டுப் பட்டறை ஞாபகத்துக்கு வந்தது. வாசல் கதவைச் சாத்திவிட்டு அரை இருட்டில்தான் நம் மேஸ்திரி நிறம் பார்ப்பார். நானும் கேரேஜ் கதவை இறக்கிவிட்டு, தட்டில் மணல் பரப்பி, அதன் மேல் வைத்துச் சூடு காட்டினேன். இரண்டு காலிலும் ஒரே மாதிரி நீலம் ஏறியது. இப்போது சுத்தியை இழுத்தால் ஆறு இடத்திலும் சரியாக நிற்கிறது.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. சிலிண்டர் சுற்றுகிற ஆர்பரின் நுனி, குழலில் அதற்கென்று போட்ட துளையின் அடியைத் தொடவில்லை, 30 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு) குறைகிறது. அதனால் ஆப்பை ஆழமாகத் தட்டத் தட்டக் குழல் பின்னால் வந்து சிலிண்டரை இறுக்குகிறது. பெரியவர் ஆப்பை எப்போதும் விரலாலேயே அழுத்தி வைத்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது. துளைக்குள் ஒரு வில்லை கடைந்து போட்டால் ஆப்பை எவ்வளவு அடித்தாலும் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி மாறாது. பித்தளை போடலாமா, இல்லை அடி வாங்கி நசுங்கிவிடுமா? உருக்கென்றால் எவ்வளவு கடினம் வேண்டும்? அளவெடுத்த தாளைக் கூட வைத்திருக்கிறேன். அக்டோபர் போட்டிக்கு அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் பதில் போடு.

உன்,
பழைய பட்டறைப் பங்காளி