பிரான்ஹா மீன் போட்ட முதல்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கச் சுயாதீன சினிமா கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இயக்குநர் ஜான் செய்ல்ஸுக்குக் கிடைத்தது ஒரே வரி: பிழைப்புக்காக மசாலாப் படங்களுக்கு எழுதியவர் என்று. பொய்யில்லைதான். ஆனால் அந்தப் பிழைப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அவருடைய சினிமா எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும்.

1978இல் மலிவுப் படத் தயாரிப்பாளர் ராஜர் கோர்மனின் கம்பெனிக்கு அவர் எழுதிக் கொடுத்தது மனிதரைக் கடித்துத் தின்னும் மீன்களின் கதை, 'பிரான்ஹா'. கோர்மனிடம் எழுதிச் சேர்த்ததில் 30,000 டாலரைப் போட்டு முதல் படத்தை எடுத்தார். 'ரிட்டர்ன் ஆஃப் த சிகாகஸ் செவன்', 1980இல் வெளியானது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை அதில் பார்க்கலாம். தெரிந்த நடிகர்கள் எல்லாரும் முப்பதை ஒட்டிய நண்பர்கள். ஆகவே கதையும் அந்த வயதுக்காரர்களைப் பற்றியது. பல இடங்களுக்கு அலைந்து அனுமதி வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே பெரும்பகுதி ஒரே வீடு. கதை ஒரு வார இறுதிக்குள் முடிவதால் உடைச் செலவும் மிச்சம். கேமராவை நகர்த்த வசதியில்லை, அதனால் ஆட்களை நிறைய வைத்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வெட்டித் தாவினார். படம் ஓடுவது அந்தத் தாவலில்தான்.

1983இல் 'பேபி இட்ஸ் யூ' படத்தின் எடிட்டிங்கில் பாரமவுண்ட் ஸ்டூடியோவோடு மோதல். 'மேட்வான்' எடுக்கப் போனபோது பணம் கைவிட்டது. சும்மா இருக்காமல், படைப்பாளிகளுக்குத் தரப்படும் மெக்ஆர்தர் உதவித்தொகை கிடைத்ததில் ஒரு பங்கைப் போட்டு, நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து சேரும் வாய் பேசாத கறுப்பு வேற்றுக்கிரகவாசியின் கதையை 1984இல் முடித்தார். 1920ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சொல்லும் 'மேட்வான்' 1987இல்தான் வந்தது. கிறிஸ் கூப்பரின் முதல் சினிமா அது. இத்தனைக்கும் உடனிருந்த தயாரிப்பாளர் மேகி ரென்ஸியின் பெயரும் கட்டுரையில் காணோம்.

அவர் படங்கள் எல்லாமே உசத்தி என்று நான் வாதாட வரவில்லை. 'சில்வர் சிட்டி'யில் (2004) பிரசங்கம் அதிகம், பாதியில் எழுந்து டீ போடப் போனேன். ஆனால் 'லோன் ஸ்டார்' (1996) வேறு ரகம். டெக்சாஸ் எல்லையோர ஊர், பாலைவனத்தில் கிடைக்கும் எலும்புக்கூடு, செத்துப்போன ஷெரீஃப் (ஊர்ப் போலீஸ் தலைவர்) அப்பாவைத் துருவும் ஷெரீஃப் மகன். அதில் கடந்த காலத்துக்குப் போக வெட்டே கிடையாது. மேஜையிலோ சுவரிலோ கேமரா மெல்ல நகர்கிறது, அதே ஷாட்டில் நாற்பது வருடம் பின்னால் போய் நிற்கிறோம். கேமராவை நகர்த்தக் காசில்லாமல் தொடங்கியவர் பதினாறு வருடம் கழித்து அதை நகர்த்திய விதம் இது!

2013இல் வந்த 'கோ ஃபார் சிஸ்டர்ஸ்' படத்துக்குப் பிறகு அவர் நாவல்களில் இறங்கிவிட்டார். கட்டுரையாளருக்கு அடுத்த இதழில் இடம் கொடுத்தால், 'லோன் ஸ்டார்' பற்றியாவது ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
திருநெல்வேலி