அம்மாவின் விசுவாசத்தை ஏந்தி நின்ற சபையாருக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான ஆயர் ஐயா அவர்களுக்கும், சபைச் சங்கத்தாருக்கும், பாடகர் குழுவினருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், வாலிபத் தம்பி தங்கைகளுக்கும், ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து, அடக்க ஆராதனையும் நல்லபடியாக நடந்தேறியது. வந்தவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன். அடக்கத்துக்கு வந்ததற்கும் ஆறுதல் சொன்னதற்கும் நன்றி உண்டு. ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்கு முந்திய காலத்தைப் பற்றி. அம்மாவின் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் நீங்கள் செய்தவற்றை நீங்களே மறந்திருப்பீர்கள். நான் மறக்கக் கூடாது.

அம்மாவை உங்களில் பலருக்கு ஞாயிறு பள்ளி டீச்சராகத்தான் தெரியும். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் புத்தகம் பாராமல் ஒப்பிப்பார். ஒப்பிக்காமல் நம்மையும் விடமாட்டார். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம் என்று ஒவ்வொரு பகுதியையும் சொல்லி முடித்ததும் நிறுத்தி, "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்பாரே, அந்தக் குரல் இன்னும் உங்கள் காதில் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு கிழமையை, பிறகு ஆட்களின் பெயர்களை. கடைசியில் என்னையும். "நீ யார் வீட்டுப் பிள்ளையம்மா?" என்று மிகவும் பிரியமாகத்தான் கேட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த ஐக்கிய சங்கத்து அக்காவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர்கள் தேற்றுவதற்கு அவசரப்படவில்லை. வேதாகமத்தை எடுத்து ஏசாயா 49ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள்: "ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை." சிறு வயதிலிருந்து கேட்ட வசனம்தான். தாய் மறக்கவே மாட்டாள் என்பதைச் சொல்ல வந்த வசனம் என்று எண்ணியிருந்தேன். ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. மறக்கும் தாய்மாரும் உண்டு என்பதை அறிந்தே, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே வாக்குக் கொடுக்கிறார். அந்த வசனத்தில் என் வீடும் இருந்தது. அக்கா, நீங்கள் அன்று விளக்கம் எதுவும் சொல்லாமல் வாசித்து மட்டும் வைத்தீர்களே, அதற்கு நன்றி.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. என்னை மறந்தது போல அம்மா இயேசுவையும் மறந்துவிட்டால்? அறிக்கையிட வாய் இல்லை, மனந்திரும்ப நினைவு இல்லை என்றால், அவரது விசுவாசத்தின் கதி என்ன? ஆயர் ஐயாவிடம் கேட்டேன். "பதிலை உங்கள் அம்மாவே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே" என்றார். விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லூத்தர் எழுதிய விளக்கத்தை எடுத்துக் காட்டினார். என் சொந்தப் புத்தியினாலும் பலத்தினாலும் இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவும் அவரிடம் சேரவும் என்னால் கூடாது. பரிசுத்த ஆவியானவரே சுவிசேஷத்தினால் என்னை அழைத்து, விசுவாசத்தில் காத்துவருகிறார் என்பதே அதன் சாரம். புத்தி தெளிவாக இருந்த நாளிலும் அம்மாவின் விசுவாசம் புத்தியினால் வந்ததல்ல. கைக்குழந்தையாக ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தப்பட்ட நாளில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது? அன்று அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் இன்று கைவிடுவாரா? ஐயா, அன்றிரவு நான் தூங்கினேன்.

வாலிபர்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். பரமண்டல ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் 103ஆம் சங்கீதத்தின் சில வசனங்களையும் கொட்டை எழுத்தில் அச்சடித்து, அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், படுத்திருந்தாலும் கண்ணில் படும்படி ஒட்டிவைத்தார்கள். 1529இல் ஞானோபதேசத்தின் பகுதிகள் முதலில் வெளிவந்ததும் வீட்டுச் சுவரில் மாட்டும் பெரிய தாள்களாகத்தான் என்று பிற்பாடு அறிந்தேன். அதற்கு முந்திய ஆண்டு லூத்தர் சபைகளைப் பார்வையிடப் போன இடத்தில், ஜனங்களுக்கு அடிப்படைப் போதனைகூடத் தெரியாததைக் கண்டு மனம் நொந்து, குடும்பத் தலைவர்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க எளிமையாக எழுதியது அது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரின் உழைப்பால் நம் தமிழுக்கும் வந்தது. அந்த வரலாறெல்லாம் தெரிந்து அந்தப் பிள்ளைகள் ஒட்டவில்லை. டீச்சர் வாசிக்கட்டும் என்றுதான் ஒட்டினார்கள். அம்மாவும் வாசித்தார். எழுத்துக்கூட்டி, விரலால் காற்றில் கோடு இழுத்து வாசித்தார். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று ஆரம்பித்தால் போதும், அடுத்த வரி தாளைப் பாராமலே வந்துவிடும். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." எல்லாவற்றையும் மறந்தவரின் வாயில் அந்த வரி நின்றது.

அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து விஷயத்தை நான் விரிவாகவே எழுத வேண்டும். நம் சபையில் இனி இதே நிலைக்கு வரும் குடும்பங்களுக்கு அது உதவும்.

தன்னைத்தானே சோதித்தறிந்து அப்பத்தில் புசிக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே, தன்னையே அறியாத நிலையில் இருப்பவருக்குக் கொடுக்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. திருவிருந்தை மதிக்கிறவர்தான் அப்படிக் கேட்பார். அதே கேள்வி எனக்கும் இருந்தது. ஆயர் ஐயா சபைச் சங்கக் கூட்டத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார். உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளி ஒழுக்கம்தான் என்கிறது ஞானோபதேசம். ஆனால் "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது", "பாவமன்னிப்புக்கென்று சிந்தப்பட்டது" என்ற வார்த்தைகளில் விசுவாசம் வைக்கிறவரே அதைப் பெற மெய்யாகப் பாத்திரர், அதாவது தகுதியுள்ளவர் என்றும் அதுவே சொல்கிறது. பவுல் கொரிந்தியரைக் கண்டித்தது, இல்லாதவர்களை வெட்கப்படுத்தித் தாங்கள் மட்டும் புசித்துத் திருப்தியானதற்காக. வாழ்நாளெல்லாம் இந்தப் பந்திக்கு வந்து முழங்காலிட்டவரை, கால் தளர்ந்த பிறகு வேண்டாம் என்று திருப்பி அனுப்ப அந்த வசனத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றார். பெரியவரும் ஒத்துக்கொண்டார். அதோடு நிற்காமல், அடுத்த முறை ஐயா வீட்டுக்கு வந்தபோது திருவிருந்துப் பாத்திரப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவரே அந்தப் பெரியவர்தான். நம் சபையில் நான் கண்ட அழகான காரியங்களில் அதற்குத் தனி இடம் உண்டு.

அன்று அம்மா காலையிலிருந்தே அமைதியில்லாமல் இருந்தார். போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே, வந்தவர்களைப் பாராமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். ஐயா வெள்ளை அங்கி போட்டு, சிறு மேசையில் துணி விரித்து, பாவ அறிக்கையைச் சுருக்கமாகச் சொன்னார். அம்மாவிடம் அசைவில்லை. இயேசு திருவிருந்தை ஏற்படுத்தியதைச் சொல்லும் வார்த்தைகளை, "அவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே" என்று தொடங்கியதும் போர்வையைத் திருகிய கை நின்றது. முகம் திரும்பியது. அப்பத்தை நீட்டும்போது ஐயா அம்மாவின் பெயரைச் சொல்லி, "உங்களுக்காக" என்றார். அம்மா இரண்டு கையையும், வலது உள்ளங்கை மேலே இருக்கும்படி, ஆலயத்தில் செய்வது போலவே குவித்து ஏந்தினார். வாங்கியபின் தெளிவாக "ஆமென்" என்றார். என் பெயர் அவருக்குத் தெரியாது. தன் பெயரும் பல நேரம் தெரியாது. கொடுப்பவர் யார் என்பது தெரிந்திருந்தது.

இன்னொரு ஞாயிறு. அம்மாவை ஆலயத்துக்கு அழைத்துவர முடிந்த கடைசி மாதங்கள் அவை. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா உரத்த குரலில் ஒரு துதிப்பாட்டைத் தொடங்கிவிட்டார். நான் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தேன், நிறுத்தவில்லை. யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூசிப்போனேன். ஐயா பிரசங்கத்தை நிறுத்தினார். ஆர்கன் வாசிக்கும் அண்ணன், அம்மா எடுத்த சுருதி எதுவென்று ஒரு நொடி தேடி, அதே சுருதியில் மெதுவாகப் பிடித்தார். பாடகர் குழு எழுந்தது. சபை எழுந்தது. அந்தச் சரணத்தை முழுவதுமாகப் பாடி முடித்தோம். ஐயா "அல்லேலூயா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிரசங்கத்தைத் தொடர்ந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருவரும் என்னிடம் பரிதாபமாகப் பேசவில்லை. "டீச்சர் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது" என்றார்கள். அண்ணன், அந்தச் சுருதிக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லாமல் விட்டவற்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். விசுவாசம் போதாததால்தான் குணமாகவில்லை என்று நீங்கள் யாரும் சொல்லவில்லை. வீட்டில் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது என்று யாரும் துருவவில்லை. வெளியிலிருந்து அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அந்த வார்த்தைகள் எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்பது நோயாளியோடு கண்விழித்தவர்களுக்குத்தான் தெரியும். சிலுவையின் இறையியலாளன், அதாவது பாடுபட்ட கிறிஸ்துவில் தேவனைக் காண்கிறவன், உள்ளதை உள்ளபடியே சொல்வான் என்று லூத்தர் 1518இல் ஹைடல்பெர்க் விவாதத்தில் எழுதினார். நோயை நோய் என்றும் துக்கத்தைத் துக்கம் என்றும் சொல்லி, அதன் நடுவில் சிலுவையில் அறையுண்டவர் இருக்கிறார் என்றீர்கள். குணமாக வேண்டும் என்று ஜெபித்தீர்கள். குணமாகாதபோதும் ஓடிவிடாமல் வந்துகொண்டே இருந்தீர்கள்.

என்னால் ஜெபிக்க முடியாமல்போன நாட்கள் இருந்தன. களைப்பில் வார்த்தை வராது. அந்நாட்களில் யாராவது ஒருவர் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்காக என் காது கேட்கச் சத்தமாக ஜெபித்துவிட்டுப் போவார்கள். 1536இன் இறுதியில் எழுதிய ஸ்மால்கால்ட் கட்டுரைகள் என்ற விசுவாச அறிக்கையில், சுவிசேஷம் நம்மிடம் வந்துசேரும் வழிகளை லூத்தர் வரிசையாகச் சொல்கிறார்: பிரசங்கிக்கப்படும் வசனம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பின் அதிகாரம். அவற்றோடு சேர்த்து, சகோதரர் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வதையும் சொல்கிறார். தேவன் தமது கிருபையில் ஐசுவரியமுள்ளவர் என்பதற்கு அத்தாட்சியாகவே இத்தனை வழிகளையும் அடுக்குகிறார். என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் பேசிய பேச்சும் அந்த வரிசையில் அடங்கும். அதைச் சாதாரண உபசாரம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது.

இரவில் மாறிமாறித் துணைக்கு இருந்த சகோதரிகளே, மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய தம்பிகளே, மருந்துச்சீட்டோடு அலைந்தவர்களே, நான் ஒரு மணி நேரம் தூங்கட்டும் என்று அம்மாவோடு பழைய போட்டோ ஆல்பத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, உங்கள் எல்லாருக்கும் நன்றி. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற விண்ணப்பத்துக்கு விளக்கம் எழுதும்போது, உணவு, உடை, வீடு, சமாதானம், சுகம் என்று அடுக்கிக்கொண்டே போகிற லூத்தர், நல்ல சிநேகிதரையும் உண்மையுள்ள அயலகத்தாரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். அந்த விண்ணப்பத்தை நான் சொன்ன ஒவ்வொரு நாளும் கர்த்தர் உங்களில் ஒருவரை அனுப்பினார்.

அடக்க ஆராதனையில் துக்கப் பாட்டுகளோடு அம்மாவுக்குப் பிரியமான துதிப்பாட்டையும் பாட வேண்டும் என்று கேட்டிருந்தேன். பாடகர் குழுவினர் நான்கு குரலிலும் பழகி வந்து பாடினீர்கள். அழுதுகொண்டே பாடியவர்களையும் பார்த்தேன். உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிற சபை கல்லறையருகே பாடவேண்டிய விதம் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் சபையில் வேறொரு வீட்டிலும் இதே நோய் தொடங்கியிருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடுதான் இதைக் குறிப்பிடுகிறேன், பெயர் வேண்டாம். அம்மா பயன்படுத்திய சக்கர நாற்காலியையும், கட்டிலின் பக்கக் கம்பிகளையும், அந்தக் கொட்டை எழுத்துத் தாள்களையும் துடைத்து ஆலய அலுவலக அறையில் வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் ரசீது ஏதுமின்றி எடுத்துப்போகலாம். அந்த வீட்டுக்குத் துணைக்குப் போகிறவர்களின் பட்டியலை ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அக்கா போட்டுக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய் மாலைக்கும் வெள்ளி இரவுக்கும் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. சனிக்கிழமை காலைக்கு இன்னும் ஆள் இல்லை.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
டீச்சரின் மகள்