ஸ்பீக்கரிலை போடாத கதை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுறது. நான் சுகம். காலபோக நெல்லு விதைச்சாச்சு, மழையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். மூலை வீட்டுப் பெடியன் கனடா வாறான். ஒடியல் மாவும் மோர்மிளகாயும் குடுத்து விட்டிருக்கிறன். மிளகாய் கொம்மாவின்ரை பதத்துக்கு வரேல்லை. கடிதத்தை உன்ரை கையிலைதான் குடுக்கவேணும் எண்டு அவனுக்கு ரெண்டு தரம் சொன்னனான். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ போனை எப்பவும் ஸ்பீக்கரிலை போடுறாய். அதாலை நாங்கள் ரீவி நாடகக் கதைதான் கதைக்கிறது. சரி, இதிலையும் அதையே எழுதுறன்.

மெட்டி ஒலி 2002இலை துவங்கேக்கை கிளிநொச்சித் தருமபுரத்திலை எங்களுக்கு ஏது கரண்ட், ஏது ரீவி. 2020இலை, கொரோனா ஊரடங்குக்குத் திரும்பப் போட்டாங்கள். அப்பதான் நானும் கொம்மாவும் பாத்தம். தாயில்லாத அஞ்சு பொம்பிளைப் பிள்ளையளைக் கட்டிக்குடுத்த சிதம்பரம். திருமுருகன் அதை எடுத்த விதம் எனக்கு இப்பவும் பிடிக்கும். சோறு, காசு, சீர் எண்டு வீடு வழிய நடக்கிற சண்டைதான். சரோ மாமியார் வீட்டிலை படுற பாட்டைப் பாத்துப்போட்டு கொம்மா, "தேப்பன் ஏன் போய்க் கூட்டிக்கொண்டு வரேல்லை?" எண்டு கேட்டவ. "நாலுபேர் என்ன சொல்லுவினம்" எண்டு நான் சொன்னனான்.

இப்பத்தைய நாடகங்கள் வேறை மாதிரி. சிறகடிக்க ஆசையிலை ஒருத்தி கதவுக்குப் பின்னாலை நிண்டு ஒண்டைக் கேட்டால் போதும், மூண்டு தரம் முகத்தைக் காட்டி, இடி இடிச்சு, விளம்பரம் வரும். ஆனால் முத்துவும் மீனாவும் நல்ல சோடி. கார் ஓடுறவன், பூக் கட்டுறவள். அவன் முந்திக் குடிச்சவன், மெல்ல மெல்லத் திருந்தினவன். நாடகத்திலை எண்டாலும் திருந்துறாங்கள். ரோகிணிதான் எனக்குப் பிடிக்கேல்லை. முதல் கலியாணத்தையும் பிள்ளையையும் மறைச்ச கதையை ரெண்டு வருசத்துக்கு மேலை இழுத்தாங்கள். ஒரு வீட்டுக்குள்ளை ஒரு பொய் இவ்வளவு காலம் நிக்குமோ எண்டு சிரிச்சனான். இப்ப சிரிக்கேல்லை.

நீ மெலிஞ்சு போனாய் பிள்ளை. போன முறை வீடியோவிலை கழுத்தெலும்பு தெரிஞ்சது. வேலை கூட எண்டாய். செட்டிகுளம் அகதி முகாமிலை தறப்பாளுக்குக் கீழை இருந்து படிச்சுக் கணக்கிலை ஏ எடுத்தனீ. உன்ரை பேரைச் சொல்லித்தான் இஞ்சை இன்னும் என்னைக் கூப்பிடுகினம். அப்பிடிப்பட்ட நீ, ஒரு வரி சொல்ல முதல் பக்கத்திலை திரும்பிப் பாக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிடு.

எதிர்நீச்சலைப் பற்றியும் எழுதவேணும். கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் அதையும் எடுத்தவர். படிச்ச நாலு மருமகளவையை ஒரு வீட்டுக்குள்ளை பூட்டி வைச்ச கதை. குணசேகரனாய் நடிச்ச மாரிமுத்து 2023 செப்ரெம்பர் எட்டாந் திகதி செத்தேக்கை சொந்தத்திலை ஆரோ போன மாதிரி இருந்தது. அந்தாள் பெண்டுகளை அதட்டுறதை நான் ரசிச்சுத்தான் பாத்தனான். என்னத்துக்கு மறைப்பான்.

அதுக்குக் கொஞ்சம் முந்தி, ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு நீ எடுத்தனீ. எதிர்நீச்சல் துவங்கிற நேரம், உங்கடை மத்தியானம். வேலையிடத்திலை நிண்டு எடுத்திருப்பாய், அண்டைக்கு மட்டும் ஸ்பீக்கர் இல்லை. "அப்பா, நான் கொஞ்ச நாள் அங்கை வந்து நிக்கட்டோ" எண்டு கேட்டனீ. ரீவிச் சத்தத்திலை விளங்கேல்லை எண்டு சொன்னனான். நீயும் ஒண்டுமில்லை எண்டு சொல்லி வைச்சிட்டாய். பிறகு அந்தக் கதையையே எடுக்கேல்லை.

எனக்குக் கேட்டது, பிள்ளை. நல்லாக் கேட்டது. கையிலை ரிமோட் இருந்தது, சத்தத்தைக் குறைச்சிருக்கலாம். கொம்மா செத்து ஆறு மாதம்தான், நீ பெட்டியோடை வந்து இறங்கினால் சனத்துக்கு என்ன சொல்லுறது எண்டுதான் யோசிச்சனான்.

முன் அறைக்குச் சீமெந்து பூசியாச்சு, ஃபானும் போட்டிருக்கு. காசு அனுப்பாதை. டிக்கெட் காசு தேவையெண்டால் நெல்லு வித்தது கிடக்கு. மருமகனைக் கேட்டதாய்ச் சொல்லு. சொல்லாட்டிலும் பரவாயில்லை.

உங்கடை மத்தியானத்துக்கு எடு. அந்த நேரம் நான் ரீவி போடுறேல்லை.

அப்பா