மைதானத்தை எழுதிக் கொடுக்கும் முன்

அன்புள்ள நிலாவுக்கு,

உங்கள் ஊர் கால்பந்து கிளப் தன் மைதானத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டு, ஊருக்கு வெளியே புது மைதானம் கட்டப் போகிறது என்றாய். ரசிகர் கூட்டத்தில் நீ எழுந்து பேசப் போகிறாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: புது வீட்டுச் சாவி கைக்கு வராமல் பழைய வீட்டை எழுதிக் கொடுக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் அப்படிக் கொடுத்த கிளப்புகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கிளைட்பேங்க் கிளப்பை எடுத்துக்கொள். கில்போவி பார்க்கில் ரசிகர்கள் நின்று பார்க்கும் படிகளில் 1977இல் மரப் பெஞ்சுகளைப் பொருத்தி, எல்லோரும் உட்கார்ந்து பார்க்கும் மைதானமாக மாற்றினார்கள். அன்றைக்கு அது பெரிய முன்னோடி வேலை. 1996இல் அதை விற்றபோது புது மைதானத்துக்கு அஸ்திவாரம்கூடப் போடவில்லை. முதலில் டம்பார்ட்டன் கிளப்பின் பாக்ஹெட் மைதானத்தில் வாடகைக்கு ஆடினார்கள். பிறகு கிரீனக் ஊரின் கேப்பிலோ மைதானத்துக்குப் போனார்கள். அது கிளைடு ஆற்றுக்கு அக்கரை. சொந்த ஊரில் ஒரு ஆட்டமும் இல்லை என்றால் எந்த அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்? 2002இல் கிளப் கைமாறி ஏர்ட்ரி யுனைட்டெட் ஆகிவிட்டது. அதே பெயரில் கிளப்பைத் திரும்ப எழுப்பி, 2003இல் ஜூனியர் லீக்கில் (சிறுவர் லீக் இல்லை, பெரிய லீக்குக்கு வெளியே இருந்த உள்ளூர்க் கிளப்புகளின் போட்டி) அடியிலிருந்து ஆட வைத்தவர்கள் ரசிகர்கள்தான்.

ஏர்ட்ரி ஊரின் பழைய கிளப்பான ஏர்ட்ரியோனியன்ஸின் கதையும் இதே வழிதான். 1892 முதல் ஆடிவந்த புரூம்ஃபீல்டு மைதானத்தை 1994இல் சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்றார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் பெவிலியன் நின்ற அழகே தனி. புது இடத்துக்குத் திட்ட அனுமதி இழுத்தடித்ததால் நான்கு வருடம் கம்பர்நால்டில் வாடகை வாழ்க்கை. 1998இல் புது மைதானம் திறந்தது, ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 2001–02இல் முதல் டிவிஷனில் (அன்று பிரீமியர் லீக்குக்கு அடுத்த நிலை) இரண்டாவதாக வந்த அதே கிளப் அந்த வருடமே கலைக்கப்பட்டது. அதற்கு மாற்றாகத்தான் கிளைட்பேங்கை வாங்கி ஏர்ட்ரி யுனைட்டெட் ஆக்கினார்கள்.

வாடகை மைதானம் ஏன் கொல்கிறது என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டு. கீழ் டிவிஷன்களில் சீசனுக்கு 36 லீக் ஆட்டம், அதில் பாதி, 18, சொந்த மைதானத்தில். ஆட்டத்துக்கு 300 பேர் குறைந்து, டிக்கெட் 15 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால் சீசனுக்கு 81,000 பவுண்ட் போய்விடும். அதோடு ஆட்டத்தின்போது இறைச்சிப் பை, போவ்ரில் என்ற சூடான மாட்டிறைச்சிச் சாறு விற்ற காசும் விருந்தினர் அறை வருமானமும் வீட்டுக்காரக் கிளப்புக்கே போகும். மேலே வாடகையும் கட்ட வேண்டும். இப்படி இரண்டு மூன்று சீசன் போனால், நிலம் விற்ற பணம் புது மைதானத்துக்குப் போகாமல் சம்பளத்திலேயே கரைந்துவிடும்.

விற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பெர்த்தில் செயின்ட் ஜான்ஸ்டன் கிளப் 1989இல் மியூர்ட்டன் பார்க்கை அஸ்டா சூப்பர்மார்க்கெட்டுக்குக் கொடுத்தது. புரூஸ் மெக்டியார்மிட் என்ற விவசாயி நிலம் தந்தார், அங்கே புது மைதானம் எழுந்த பிறகுதான் பழையதை விட்டார்கள். ஒரு சீசன்கூட வீடில்லாமல் நிற்கவில்லை. செயின்ட் மிரன் கிளப் பழைய லவ் ஸ்ட்ரீட் மைதானத்தில் கடைசியாக ஆடியது 2009 ஜனவரி 3, புது மைதானத்தில் முதல் ஆட்டம் அதே மாதம் 31. உங்கள் நிர்வாகத்திடம் இப்படி இரண்டு தேதிகளைக் கேள். சொல்ல முடியாவிட்டால் கையெழுத்துப் போடவே கூடாது.

“லீக் விதிக்காகத்தான் போகிறோம்” என்பார்கள். 2003இல் முதல் டிவிஷனை வென்ற ஃபால்கிர்க் கிளப்பை மேலே ஏற்றவில்லை. பிரீமியர் லீக் கேட்ட 10,000 இருக்கை அதன் பிராக்வில் மைதானத்தில் இல்லை. மறு வருடமே அந்த எண் 6,000 ஆகக் குறைக்கப்பட்டது. விதி மாறும், விற்ற நிலம் திரும்பாது. பிராக்வில் இருந்த இடத்தில் இன்று மோரிசன்ஸ் கடை, கார் நிறுத்துமிடத்தில் பழைய சுழல் கதவு ஒன்றை நினைவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது காகிதம். ஸ்காட்லாந்து நிலப் பதிவேட்டில் காசு கட்டி மைதானத்தின் பட்டா விவரத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதில் நான்கு பகுதி. ஏ பகுதியில் எல்லை: கார் நிறுத்துமிடம், பயிற்சித் திடல் எல்லாம் உள்ளே இருக்கிறதா பார். பி பகுதியில் உரிமையாளர் பெயர்: கிளப்பா, இயக்குநர் ஒருவரின் தனி நிறுவனமா? நிலமும் கிளப்பும் வேறு வேறு கையில் இருந்தால் ஆபத்து அங்கேயே தொடங்கிவிட்டது. ஷாஃபீல்டு மைதானம் நாய்ப் பந்தய நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. கிளைட் கிளப் 1898 முதல் அங்கே ஆடியும் 1986இல் வெளியேற வேண்டியிருந்தது. சி பகுதியில் அடமானம். டி பகுதியில் நிபந்தனைகள்: “விளையாட்டுக்கு மட்டுமே” என்பது போன்ற வரி இருக்கலாம். 2004 நவம்பரில் பழைய நிலவுடைமை முறை ஒழிந்தபோது இப்படிப்பட்ட நிபந்தனைகள் பலவும் செத்துப்போயின. அதனால் அந்த வரியை மட்டும் நம்பாமல் வக்கீலிடம் காட்டு.

ஊர் மக்களுக்கு நிலத்தை முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. 2016 முதல் நகரங்களுக்கும் பொருந்தும். முறையாகப் பதிந்த ஊர் அமைப்பு அந்த நிலத்தில் தன் ஆர்வத்தைப் பதிவு செய்தால், உரிமையாளர் விற்கும்போது முதலில் அவர்களிடம் வர வேண்டும். பதிவு ஐந்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விற்பனைப் பேச்சு தொடங்கிய பின் போனால் தாமத விண்ணப்பம் ஆகிவிடும், நிரூபிக்க வேண்டியவை கூடும். ஆகவே கூட்டத்துக்குக் காத்திராமல் இந்த வாரமே வேலையைத் தொடங்கு.

கூட்டத்துக்கு முன் ஒரு நாள் கிளாஸ்கோ போய் கேத்கின் பார்க்கைப் பார்த்துவிட்டு வா. மவுண்ட் ஃப்ளோரிடா ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், பூங்கா என்பதால் டிக்கெட் கிடையாது. தேர்ட் லானார்க் கிளப் 1903 முதல் 1967 வரை ஆடிய இடம். 1904 லீக் சாம்பியன். 1889, 1905 ஸ்காட்டிஷ் கோப்பைகள். 1960–61இல் 34 ஆட்டத்தில் 100 கோல் அடித்து மூன்றாமிடம். ஆறே வருடத்தில் கிளப் இல்லை. நிர்வாகம் நடந்த விதத்தை அரசு விசாரணை கடுமையாகச் சாடியது. மூன்று பக்கமும் படிகள் இன்னும் இருக்கின்றன. மேல்வரிசைக்கு ஏறு. காங்கிரீட்டில் பாசி, படிகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் மரங்கள், நெரிசல் தடுப்புக் கம்பிகள் அப்படியே நிற்கும். ஒரு கம்பியில் கை வைத்துக் கீழே புல்லைப் பார். அங்கே நின்று கத்தியவர்களுக்குக் கிளப் போன பிறகு நிற்க இடம் இல்லாமல் போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒருவேளை விற்பனை தவிர்க்க முடியாது என்று ஆனால், ஒப்பந்தத்தில் மூன்று வரி எழுதச் சொல்: புது மைதானத்துக்குப் பாதுகாப்புச் சான்று கிடைத்த பிறகே பழையதை ஒப்படைப்பது, விற்ற பணம் தனிக் கணக்கில், கட்டுமானத்துக்கு மட்டும், புது நிலத்தின் பட்டா கிளப் பெயரிலேயே. ஸ்டாண்ட், சுழல் கதவு, விளக்குக் கம்பங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, அவை யாருக்குச் சேரும் என்றும் எழுதட்டும். ஹாமில்டன் கிளப்பின் பழைய மைதானமான டக்ளஸ் பார்க்கின் ஸ்டாண்ட் ஆக்கின்லெக் டால்பட் கிளப்பின் மைதானத்துக்குப் போய் அங்கே பயன்பட்டது.

பட்டா விவரம் கைக்கு வந்ததும் டி பகுதியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா