அப்பாவைப் பிழைக்க வைத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

வயலில் கண்ணாடி விரியன் கடித்த எங்கள் அப்பா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். முதல் நன்றி எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் தாத்தாவுக்கு. டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; அவருக்கு முதலில் நன்றி சொல்லச் சொன்னதே வார்டு டாக்டர்தான்.

வீங்கிய காலோடு அப்பாவைத் தாத்தாவிடம் தூக்கிப் போனபோது அத்தை கையில் சிறியாநங்கை இலை தயாராக இருந்தது. தாத்தா அதைத் தொடவே இல்லை. "விரியன் கடி இலைக்கு அடங்காது. கட்டாதீங்க, கீறாதீங்க. காலை அசைக்காம ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி, 108-க்குப் போன் போட வைத்தார். கயிறு கட்டி, கீறி, பொழுதைக் கடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போயிருந்தால்?

அப்புறம், ஆம்புலன்ஸ் தம்பிகளுக்கும் அரசு மருத்துவமனை டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் நன்றி. அப்பாவின் ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்தார்கள். சாய்த்தால் தண்ணீராக ஓடியது, உறையவில்லை; விரியன் விஷம் ஏறியதற்கு அதுதான் அடையாளமாம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஒவ்வாமை வந்தால் போடுவதற்கு அட்ரினலின் ஊசியோடு ஓர் அக்கா பக்கத்திலேயே நின்றார். 6 மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை, ரத்தம் உறைந்திருந்தது. அம்மா அப்போதுதான் தண்ணீர் குடித்தார்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுக்கிறார்களாம். அந்த விஷத்தைத் தருகிறவர்கள் இருளர் பழங்குடி மக்கள். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் தடம் பார்த்துப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். மண்ணைப் பார்த்தே எந்த வளையில் பாம்பு இருக்கிறது என்று சொல்லும் அந்தப் படிப்பு எந்தக் கல்லூரியிலும் கிடையாது. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. என்னைக் கேட்டால், ரொம்பத் தாமதம். முகம் தெரியாத அந்த இருளர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு.

விஷம் பாதித்த சிறுநீரகம் முழுக்கத் தேறும்வரை கஷாயம், சூரணம் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தாத்தாவிடம் சொன்னோம். "டாக்டர் சொன்னா சரி. மூட்டுவலிக்கு மேல தடவுற எண்ணெய் மட்டும் தரேன், அதையும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க" என்றார். காசு வாங்க மாட்டேன் என்கிறார். பொங்கலுக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறோம், மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் தாத்தா.